நாகர்கோவில் கோணத்தில் ரூம் எடுத்துப் படிக்கிறோம்: மெஸ்ஸை விட்டுவிட்டுக் கஞ்சிக்கு மாறலாமா?

கோணத்துக்காரன்:
நாகர்கோவில் கோணத்தில் மூன்று பேர் ஒரே ரூமில் இருக்கிறோம். மூவருமே வெளியூர், இரண்டாம் வருஷம். பக்கத்து மெஸ்ஸில் மதியமும் இரவும் சேர்த்து ஆளுக்கு மாதம் 3,600 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். அடுத்த மாதத்திலிருந்து 4,200 என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுக்கென்று வீட்டிலிருந்து எனக்கு வருவது 3,500.

நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் தெருக் கடையில் சம்பா அரிசி கிலோ 56, சிறுபயறு கிலோ 130 (எங்கள் திண்டுக்கல்லில் இது பாசிப்பயறு, கடைக்காரருக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது), தேங்காய் ஒன்று 30. மூன்று பேர் கஞ்சிக்கு அரிசி 300 கிராம், பயறு 150 கிராம், அரைத் தேங்காய், கூட ஐந்து ரூபாய்க்குப் பப்படம். எல்லாம் சேர்த்து 57 ரூபாய். ஆளுக்கு 19. இரண்டு வேளையும் இதுவே என்றால் மாதம் 1,140. மெஸ்ஸுக்கு ஏன் 4,200 அழ வேண்டும் என்று தோன்றுகிறது. சமைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ரூம்காரன்:
தம்பி, கணக்கு நன்றாக இருக்கிறது. எல்லாரும் முதல் ராத்திரி இப்படித்தான் போடுவார்கள். 2014-இல் வெட்டூர்ணிமடத்தில் நாங்கள் நாலு பேர் இதே கணக்கோடுதான் ஆரம்பித்தோம்.

உன் 19 ரூபாயில் கேஸ் எங்கே? உப்பு, எண்ணெய், கடுகு, பாத்திரம் தேய்க்கிற சோப்பு? அதெல்லாம் போகட்டும். எங்களுக்குப் பதினோராம் நாள் என்ன நடந்தது என்று சொல்கிறேன். புதன்கிழமை, ரெக்கார்ட் நோட்டு வைக்க வேண்டிய நாள். முந்தின ராத்திரிக் கஞ்சி குக்கர் சுவரில் காய்ந்து அப்பளம் மாதிரி ஒட்டியிருந்தது. யார் கழுவ வேண்டிய முறை என்று ஒரு சண்டை. யாரும் கழுவவில்லை. கதவைப் பூட்டிவிட்டுப் போய் ஆளுக்கு நாலு புரோட்டா தின்றோம். அடுத்த நாளும் அதே குக்கர், அதே புரோட்டா. மாதக் கடைசியில் பலசரக்குக் கடைப் பற்றையும் புரோட்டாக் கடைக் காசையும் கூட்டிப் பார்த்தால் மெஸ்ஸை விட அதிகம். அரிசியில் வண்டு வந்தது தனி.

பேசாமல் மெஸ்ஸிலேயே இரு. 600 ரூபாயை வேறு எங்காவது மிச்சம் பிடி.

குளச்சல்_பிள்ளை:
அண்ணே, தினமும் கஞ்சி என்றால் யாருக்குத்தான் பதினோராம் நாள் புரோட்டா ஞாபகம் வராது? நீங்கள் தோற்றதற்குக் காரணம் சமையல் இல்லை, ஒரே சமையல். நம் ஊரில் இருந்துகொண்டு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளையும் (மத்தி மீன்) தெரியாமல் ரூம் நடத்தினால் எப்படி?

கோணத்துக்காரத் தம்பிக்குச் சொல்கிறேன். வடசேரி கனகமூலம் சந்தையிலோ கோட்டாறிலோ மரச்சீனி ஒரு கிலோ வாங்கினால் மூன்று பேர் வயிறு நிறையும். மண் நிறத் தோலுக்கு அடியில் கெட்டியாக இன்னொரு தோல் இருக்கும். கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறு கீறி, நுனியை நெம்பிவிட்டால் இரண்டும் சேர்ந்து பட்டையாக உரிந்து வரும், சீவ வேண்டாம். துண்டு போட்டு நடு நாரை எடுத்துவிடு. பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, மூடாமல் வேகவிட்டு, வெந்த தண்ணீரைக் கட்டாயம் கீழே ஊற்று. கிழங்கில் இயற்கையாகவே கொஞ்சம் சயனைடு உண்டு, தண்ணீரோடு அது போக வேண்டும். வாயில் வைத்ததும் கசந்தால் காசைப் பார்க்காமல் தூர எறி. அப்புறம் தேங்காய், சீரகம், மஞ்சள், இரண்டு பூண்டு, காந்தாரி மிளகு (சின்ன மிளகாய்) தட்டிப் போட்டு அகப்பைக் காம்பால் மசி. முடிந்தது.

சாளைக்கு எண்ணெயே வேண்டாம். தேங்காயும் மிளகாயும் மஞ்சளும் அரைத்து, புளியோ மாங்காயோ போட்டு அவியல் வை. மூடி போட்டுப் பத்து நிமிஷம். வாங்குகிற நேரம்தான் முக்கியம். பத்து மணிக்கு இருக்கிற விலை சந்தை கலைகிற நேரத்தில் இருக்காது, மிச்சத்தைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார்கள். கண்ணும் செவுளும் பார்த்து வாங்கத் தெரிந்தால் போதும்.

நர்சிங்_ரெண்டாம்_வருஷம்:
எல்லாம் சரிதான் அக்கா, ரூமில் மீன் வைக்க விடுவார்களா? நாங்கள் இருக்கிற வீட்டில் முட்டை ஓடு குப்பையில் கிடந்ததற்கே வீட்டுக்காரம்மா மாடியேறி வந்தார். சாளை அவியல் வாசம் இரண்டு தெருவுக்குத் தெரியும். இண்டக்ஷன் அடுப்புக்கும் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்.

இன்னொன்று. மீன் எல்லா மாதமும் மலிவு இல்லை. விசைப்படகுத் தடைக்காலம் நம் மாவட்டத்துக்கு இரண்டு கணக்கு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல் பக்கம் மேற்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் வள்ளத்து (நாட்டுப்படகு) மீன்தான், விலை மாணவர் விலை இல்லை.

குளச்சல்_பிள்ளை:
தடைக்காலத்தில் பாதி நாள் காலேஜ் லீவுதானே. அப்போது வீட்டுச் சாப்பாடு. மீதி நாளுக்குக் கருவாடு இருக்கிறது.

நர்சிங்_ரெண்டாம்_வருஷம்:
கருவாடா! வீட்டுக்காரம்மா ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்.

பூதப்பாண்டி_அக்கா:
மக்களே, மரச்சீனியைப் பற்றி எல்லாரும் பெருமையாகப் பேசுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்தபோது, விசாகம் திருநாள் மகாராஜா (1880 முதல் 1885 வரை ஆண்டவர்) ஊக்கம் கொடுத்துத்தான் இந்தக் கிழங்கு பரவியது. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான், அரிசி வரத்து நின்றது, ஜனம் கிழங்கைத் தின்று உயிரைக் காப்பாற்றிக்கொண்டது. எங்கள் ஆச்சி அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது மரச்சீனி என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பாள். மூன்று வேளையும் அதையே தின்றவள்.

கிழங்கில் மாவுதான் இருக்கிறது. நூறு கிராமில் புரதம் ஒன்று, ஒன்றரை கிராம்தான் தேறும். மீன் கூட இருந்தால்தான் அது சாப்பாடு. மீன் இல்லாத நாளில் வெறும் கிழங்கும் சம்மந்தியும் (தேங்காய்த் துவையல்) தின்றுவிட்டுப் படிக்க உட்கார்ந்தால் அரை மணியில் தூக்கம் வரும். அதற்கு அந்தப் பையனின் பயறு கஞ்சியே மேல். நூறு கிராம் சிறுபயறில் இருபது கிராமுக்கு மேல் புரதம். ஒரு முட்டையில் ஆறு கிராம். மீன் வைக்க முடியாத ரூமில் பயறும் முட்டையும் மாற்றி மாற்றி வரட்டும். வாரம் ஒரு நாள் உளுந்தஞ்சோறு. தொலி (தோல்) உளுந்தும் பூண்டும் தேங்காயும் அரிசியோடு ஒரே குக்கரில் போய்விடும், கழுவவும் ஒரே பாத்திரம்தான். வாசலில் முருங்கை நிற்கிற வீட்டில் இரண்டு கொப்பு கேட்டால் இல்லை என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் கிடையாது.

பார்வதிபுரம்_மெஸ்:
நான் மெஸ் நடத்துகிறவள். பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். 600 ரூபாய் ஏற்றினால் மெஸ்காரர் கொள்ளையடிக்கிறார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். (தம்பி சொல்கிற மெஸ் என்னுடையது இல்லை.)

வீட்டில் நீங்கள் எரிப்பது 14.2 கிலோ சிலிண்டர். நாங்கள் வாங்க வேண்டியது 19 கிலோ வணிக சிலிண்டர், கிலோவுக்குக் கணக்குப் போட்டால் உங்களுடையதை விட நிறைய அதிகம். நம் ஊர்ச் சாப்பாட்டில் தேங்காய் இல்லாத கறி எது? அவியல், தீயல், புளிசேரி, மீன்கறி எல்லாம் தேங்காய்தான். தேங்காய் விலை ஏறின மாதம் நான் பருப்பும் ரசமுமாக ஓட்டினேன். அப்போதும் நீங்கள்தான் குறை சொன்னீர்கள்.

உன் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது மக்களே. ஒருவேளைக்கு நூறு கிராம் அரிசிக் கஞ்சி என்று எழுதியிருக்கிறாய். என் மெஸ்ஸில் உன் வயசுப் பையன்கள் சோறு எத்தனை தடவை வாங்குகிறார்கள் என்று நான் பார்க்கிறேன். மதியத்துக்கு அந்தக் கஞ்சி போதவே போதாது. நாலு மணிக்கு டீக்கடையில் பழபஜ்ஜி தின்பாய், அதையும் எழுது.

ஒன்று செய். மதியம் மட்டும் மெஸ், ராத்திரி நீயே வைத்துக்கொள். பாதிப் பேர் இப்படித்தான் பேசி எடுக்கிறார்கள். மதியம் மட்டும் என்றால் நான் 2,200 வாங்குகிறேன்.

பழைய_ரூம்காரன்:
அம்மா சொல்வதுதான் சரி. ஆனால் ராத்திரிதான் குக்கர் சண்டை வரும். மதியம் யாரும் சமைக்கப் போவதில்லை.

கோணத்துக்காரன்:
ஒன்பது நாள் ஆகிவிட்டது, அதனால் வந்து சொல்கிறேன். பார்வதிபுரம் அம்மா சொன்ன மாதிரியே எங்கள் மெஸ்ஸில் பேசினேன். மதியம் மட்டும் 2,200-க்கு ஒத்துக்கொண்டார்கள். ராத்திரி நாங்கள். ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் ஒரு சீனியர் விட்டுப்போனது கிடைத்தது, குக்கரும் அவருடையதே.

ஒன்பது ராத்திரியில் ஏழு நாள் சமைத்தோம். சாமான் 742 ரூபாய். இரண்டு நாள் வெளியே போனோம், அது 480. மொத்தம் 1,222. ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 45 ரூபாய் வருகிறது. நான் போட்ட 19 எங்கே போனது என்று கேட்காதீர்கள். அந்த இரண்டு நாளில் ஒன்று, பயறில் தேங்காய் துருவிப் போட்டு காலைக்கும் ஆகட்டும் என்று மூடி வைத்தது. காலையில் திறந்தால் நுரை, புளித்த நாற்றம். அன்று ராத்திரிக்குப் பயறு இல்லை, வாங்கப் போகவும் சோம்பல்.

பழைய_ரூம்காரன்:
பார்த்தாயா! 19 எப்படி 45 ஆனது? இதைத்தான் சொன்னேன். இன்னும் பதினோராம் நாளே வரவில்லை.

குளச்சல்_பிள்ளை:
அண்ணே, 45 ஆனாலும் மெஸ் ராத்திரிச் சாப்பாட்டை விடக் குறைவுதானே. 4,200-ஐ அறுபது வேளையால் வகுத்தால் வேளைக்கு 70. மதியம் 2,200, ராத்திரி மாதம் 1,350. கூட்டினால் 3,550. தம்பி கையில் 3,500. ஐம்பது ரூபாய்தான் இடிக்கிறது. வெளியே போவதில் ஒரு நாளைக் குறைத்தால் சரியாகிவிடும்.

பழைய_ரூம்காரன்:
காலைச் சாப்பாட்டை யாரும் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நர்சிங்_ரெண்டாம்_வருஷம்:
அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் காலைக் கவலை இல்லை அண்ணா, இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். இல்லையென்றால் ராத்திரியே ஒரு பிடி அரிசி கூடப் போட்டு, வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழஞ்சி. சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) உப்பும் போதும். கூட ஒரு வாழைப்பழம். நம் ஊர் மட்டிப் பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான், ஆனால் மாணவர் பழம் பாளையங்கோட்டான்தான்.

பூதப்பாண்டி_அக்கா:
தேங்காய் சேர்த்த எதையும் ராத்திரி வெளியே வைக்காதே தம்பி. பயறை வெறுமனே வேகவைத்து எடுத்து வை, தின்னும்போது துருவிப் போடு. தேங்காயை உடைத்ததும் கண் இருக்கிற முறியை (பாதியை) முதலில் எடு, அதுதான் முதலில் கெடும்.

கோணத்துக்காரன்:
சரி அக்கா. இன்று ராத்திரி என் முறை. பயறு ஊறப்போட மறந்துவிட்டேன், மணி ஏழாகிறது. இனி என்ன செய்ய?

பார்வதிபுரம்_மெஸ்:
சிறுபயறுக்கு ஊறவே வேண்டாம் மக்களே. வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்தே குக்கரில் போட்டுவிடு. தண்ணீர் மட்டும் தாராளமாக ஊற்று. சாப்பிட்ட கையோடு குக்கரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படு.