கண்ணோரச் சுருக்கத்துக்கு எந்த சீரம் ஏற்றது?

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையில் வசிக்கும் எனக்கு வயது 44. கண்ணோரத்தில் சுருக்கமும் கன்னத்தில் மங்கு எனப்படும் லேசான கருந்திட்டும் தெரியத் தொடங்கியிருப்பதால், முகத்துக்குப் பயன் தரும் சீரத்தைத் தேர்ந்தெடுக்க உங்கள் அனுபவத்தை நாடுகிறேன். வேலைக்காகப் புளியரை வழியே ஆரியங்காவுக்கு ஸ்கூட்டரில் சென்று வருவதால், சாரல் மாதங்கள் தவிர மற்ற நாள்களில் முகத்தில் நல்ல வெயில் படுகிறது. ஆகவே எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீனை விடுவதில்லை. அது இல்லாமல் எந்த சீரமும் வீண் என்பதே என் கருத்து.

காலையில் வைட்டமின் சி பூசலாம் என்று எண்ணுகிறேன். அதன் தூய வடிவமான அஸ்கார்பிக் அமிலம் 10 முதல் 20 சதவீதம் வரை இருந்தால் பயன் தரும் என்றாலும், காற்றும் வெளிச்சமும் பட்டால் அது பழுப்பேறி வீரியம் இழந்துவிடும். இங்குள்ள கடையில் காட்டிய சீரம், நிறமற்ற கண்ணாடிக் குப்பியில், ஆறிப்போன கட்டன்சாயாவின் (பாலில்லாத தேநீரின்) நிறத்தில் இருந்தது, வாங்காமல் வந்துவிட்டேன். நம் ஊர் வெப்பத்தில் கெடாமல் நிற்கும் தயாரிப்பு எது? குளிர்பதனப் பெட்டியில் வைப்பது அவசியமா?

இரவுக்கு, சுருக்கத்தைக் குறைக்கப் பூசும் வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் பற்றியும் கேட்க வேண்டும். எளிதில் சிவந்துவிடும் சருமம் என்பதால், வாரம் இருமுறை 0.1 சதவீதத்தில் தொடங்குவது போதுமா, அல்லது எரிச்சலால் மங்கு இன்னும் கருக்குமா? வைட்டமின் பி3 வகையான நியாசினமைடை அதனுடன் சேர்த்துப் பூசியவர்கள் விவரம் கூறுங்கள். ஆயுர்வேத எண்ணெயான குங்குமாதி தைலமே போதும் என்கிறார் என் மாமியார். அதைப் பயன்படுத்தியவர்களும் எழுதலாம். முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம்களை மட்டும் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். தென்காசியில் தோல் மருத்துவரைப் பார்க்கவும் தயாராக இருக்கிறேன். அவரிடம் முதலில் எதைக் கேட்பது என்று சொன்னாலும் நன்றி.