அப்பா நான்கு சுற்று நடந்தும் பேண்ட் 640 ஸ்டெப் என்கிறது

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

அப்பாவுக்கு 74 வயது. அம்மா போன பிறகு டிவி எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். பொங்கலுக்கு ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கிக் கட்டிவிட்டேன். ஆசையாகத்தான் ஆரம்பித்தார். தினமும் காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தை நான்கு சுற்று. வலது முட்டியில் தேய்மானம், அதனால் இடது கையில் ஊன்றுகோல். வாட்ச் கட்டிய பழக்கத்தில் பேண்டும் அதே கையில். சுற்றி முடித்துப் பார்த்தால் 640 ஸ்டெப். இலக்கோ 10,000. "அப்போ நான் நடந்ததெல்லாம் கணக்கில் இல்லையாம்மா?" என்றார். மறுநாள் பேண்டைக் கழற்றி அலமாரியில் வைத்தார், நடையும் நின்றுவிட்டது. அவர் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை. பேண்டில் கோளாறா?

பதில் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

கோளாறு இல்லையம்மா. கை வீச்சை வைத்துத்தான் அது எண்ணுகிறது. ஊன்றுகோல் பிடித்த கை வீசாது. வலது கைக்கு மாற்றுங்கள், ஆப்பிலும் மாற்றிவிடுங்கள். அப்படியும் எண்ணாவிட்டால் கணுக்காலில் கட்டலாம். என் மனைவி வாக்கர் பிடித்து நடந்த மாதங்களில் அப்படித்தான் செய்தோம்.

அந்த 10,000-ஐ முதலில் எடுத்துவிடுங்கள். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானியின் பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி. அங்கிருந்து ஒட்டிக்கொண்ட எண் அது, மருத்துவர் எழுதிக்கொடுத்ததல்ல. 60 தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரைக்குள்ளேயே பெரும்பலன் கிடைத்துவிடுகிறது என்று 2022-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் 2,500-ல் ஆரம்பித்து, வாரம் 200, 300 என்று கூட்டினேன். மாலையில் பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காந்தி சிலை பக்கம் நண்பர்கள் காத்திருப்பார்கள் என்பதற்காகவே கிளம்பிவிடுவேன்.

பதில் (பிசியோதெரபிஸ்ட், கடலூர் ஓ.டி.)

பிபிக்கு அட்டெனோலால், மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. பேண்ட் காட்டும் துடிப்பைப் பார்த்து வேகத்தைக் கூட்ட வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. இன்னொன்று, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதை எந்த பேண்டும் ஸ்டெப்பாக எண்ணாது. கீழே விழாமல் இருக்க அந்த மாதிரிப் பயிற்சிதான் வேண்டும். உலக சுகாதார நிறுவனமே முதியோருக்கு வாரம் மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது. முட்டி வலி இருப்பதால் உயரமான நாற்காலி போடுங்கள்.

கேட்டவர்

ஐயா, வலது கைக்கு மாற்றி, இலக்கை 2,500 ஆக்கினேன். அதே நான்கு சுற்றுக்கு 2,310! ஆபீஸுக்கே போன் பண்ணிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச் போகலாமா என்கிறார். மணலில் ஊன்றுகோல் புதையுமே, நடக்க விடலாமா?