பேச்சு வராத மகனுக்கு எழுத்து கற்றுக்கொடுக்கலாமா?

கேள்வி: ஈரோசை

என் மகனுக்கு ஏழு வயது. மூளை முடக்குவாதம். காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, நாக்கு மட்டும் அவன் சொல்பேச்சைக் கேட்பதில்லை. 'ஆமாம்' என்றால் மேலே பார்ப்பான், 'இல்லை' என்றால் கண்ணை மூடுவான். "வாய்விட்டு அ, ஆ சொல்லாத பிள்ளைக்கு எழுத்து எப்படிப் பதியும்? முதலில் பேச்சு வரட்டும்" என்று பள்ளியில் கைவிரித்துவிட்டார்கள். படஅட்டை கொடுத்தால் பேசும் முயற்சியையே விட்டுவிடுவான் என்று உறவினர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். நான் காத்திருக்கத்தான் வேண்டுமா?

பதில்: கூழாங்கல்

பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். உறவினர்களின் பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மில்லர், லைட், ஷ்லாசர் மூவரும் 2006இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றுள் நம்பகமானவை என்று அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் 27 பேர் இருந்தார்கள். படஅட்டை, சைகை, தட்டியதைக் குரலாக்கும் கருவி போன்ற மாற்றுவழிகளைக் கற்ற பிறகு அவர்களில் 89 சதவீதத்தினருக்குப் பேச்சு கூடியிருந்தது. மற்றவர்களுக்கு மாற்றமில்லை. ஒருவருக்கும் குறையவில்லை. கூடியது பெரும்பாலும் சிறிய அளவில்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: புள்ளிமெய்

அம்மா, நான் பிறந்ததிலிருந்து பேசியதில்லை. இப்போது பிழைதிருத்துநராக வேலை செய்கிறேன். ஒற்று மிகும் இடங்களில் என்னிடம் யாரும் வாதாட வருவதில்லை. எனக்கும் ஒன்பது வயதுவரை "பேச்சு வரட்டும்" என்றுதான் சொன்னார்கள். அந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

வாய் சொல்லாவிட்டால் மனத்துக்குள் ஒலியே இருக்காது என்று நினைக்கிறார்கள். பிறவியிலேயே பேச்சு வராதவர்களிடம் டோரதி பிஷப்பும் ராப்சனும் 1989இல் சோதித்துப் பார்த்தார்கள். எந்தச் சொல்லும் எந்தச் சொல்லும் ஒத்து ஒலிக்கின்றன என்று அவர்களால் கண்டுகொள்ள முடிந்தது. எனக்கு அதில் வியப்பில்லை. என் தலைக்குள் எப்போதும் சத்தம்தான்.

ஆகவே சொல்லச் சொல்லாதீர்கள், தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பல், பால், கல், கால் என்று நான்கு படங்களை வையுங்கள். நீங்கள் "ப்... ஆ... ல்" என்று இழுத்துச் சொல்லி நிறுத்துங்கள். ஒலிகளைக் கூட்டிப் பார்க்கும் வேலை அவனுடையது. கண் எந்தப் படத்துக்குப் போகிறது என்று மட்டும் பாருங்கள். குறிலும் நெடிலும் இதிலேயே பிடிபட்டுவிடும்.

அடுத்து எழுத்துப் பலகை. ஸ்டீபன் ஹாக்கிங் 1985இல் குரலை இழந்தபோது முதலில் அவரிடம் கணினி இல்லை. அட்டையில் ஒருவர் எழுத்தைத் தொட்டுக்கொண்டே வருவார், சரியான எழுத்து வந்ததும் ஹாக்கிங் புருவத்தை உயர்த்துவார். உங்கள் மகன்தான் 'ஆமாம்' என்று மேலே பார்க்கிறானே! நமக்கு இலக்கணமே வரிசை பிரித்து வைத்திருக்கிறது: வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு, நான்காவதாக உயிர். முதலில் எந்த வரிசை என்று கேளுங்கள், பிறகு அந்த வரிசையில் எந்த எழுத்து என்று. மெய் கிடைத்ததும் "புள்ளியா, குறிலா, நெடிலா?" குறிலோ நெடிலோ என்றால், எந்த உயிர் என்று 'அ'விலிருந்து வரிசையாகக் கேளுங்கள். பன்னிரண்டு கேள்விகளில் 'கல்' வந்துவிடும். 'கொ' போன்றவற்றில் கொம்பு முன்னால் நிற்பது குழப்பும். அதற்காகத்தான் ஒலிவரிசையிலேயே கேட்கச் சொல்கிறேன்.

படஅட்டை வேண்டாம் என்பதில்லை. ஆனால் அதில் இன்னொருவர் தேர்ந்துவைத்த சொற்கள்தான் இருக்கும். என் அட்டையில் 'தண்ணீர்' இருந்தது, 'பொய்' இல்லை. அண்ணன் பொய் சொல்கிறான் என்று சொல்ல எழுத்து தெரியும்வரை காத்திருந்தேன்.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் நேர்காணலைத் தொலைபேசியில் வைத்தார்கள். கருவியில் நான் தட்டி முடிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். சாதாரணப் பேச்சில் நிமிடத்துக்கு 150 சொற்களுக்கு மேல் போகும், எனக்குப் பன்னிரண்டு வந்தால் அது நல்ல நாள். இப்போதுள்ள இடத்தில் நேர்காணலுக்குப் பதிலாகத் திருத்த வேண்டிய நான்கு பக்கங்களை அனுப்பினார்கள். கூட்டம் என்றால் பேசப்போவதை முந்தின நாளே எழுதி அனுப்பிவிடுகிறார்கள், நான் பதில்களைக் கருவியில் சேமித்துக்கொண்டு போகிறேன். என் வாக்கியத்தை முடித்துவைக்கும் நல்ல உள்ளங்கள் அங்கேயும் உண்டு.

ஈரோசை:

நேற்று நான்கு படங்களை வைத்தேன். ஆறு முறையில் ஐந்து சரி. கையைப் பிடித்துத் தட்டச்சு செய்யவைத்தால் வேகமாக வரும் என்று ஒருவர் முன்வருகிறார். ஒப்புக்கொள்ளலாமா?

கூழாங்கல்:

வேண்டாம். 1990களில் அந்த முறையைச் சோதித்தபோது, பிள்ளைக்கு ஒரு படத்தையும் கை பிடிப்பவருக்கு வேறொரு படத்தையும் காட்டினார்கள். கை பிடித்தவர் பார்த்ததுதான் எழுத்தாக வந்தது. அவன் கண்ணே போதும். நீங்களும் சரியான படத்தை முந்திப் பார்த்துவிடாதீர்கள், உங்கள் பார்வையைப் பின்பற்றியும் அவன் பதில் சொல்லலாம். படங்களின் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

புள்ளிமெய்:

அந்தத் தவறிய ஒன்று எது? 'பல்' கேட்டு 'பால்' பார்த்தானா, 'கால்' பார்த்தானா? அதைத் தெரிந்துகொண்டால் நாளை எங்கே தொடங்குவது என்று சொல்லிவிடலாம்.