மறு: துப்பாக்கிக் குழலில் ‘ஃபவுலிங்’ – அழுக்கா, மாசா, படிவா?

நண்பர்களுக்கு வணக்கம். சுடச் சுடத் துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘ஃபவுலிங்’ (fouling) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘படிவு’ என்று வைக்கலாம் என்பது என் பக்கம்; நம் வரைவைப் பார்த்து நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ‘குழல் அழுக்கு’ எல்லாருக்கும் புரிகிறதே. புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. அழுக்கு என்றால் துடைக்கத் துடைக்க நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள். குழல் விஷயத்தில் அது பாதி உண்மைதான்.

50 மீட்டர் போட்டியில் சுடும் .22 ரைஃபிளையே எடுத்துக்கொள்வோம். குண்டு ஈயம்; மேலே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். சுடச் சுட அந்தப் பூச்சு குழலின் உட்சுவரில் மெல்லிசாக ஏறுகிறது. அது ஒரே சீராக இருக்கும்வரை குண்டுகளும் ஒரே இடத்தில் போய் விழும். கரைப்பான் விட்டுப் பளபளவென்று துடைத்த கையோடு சுட்டால், முதல் சில குண்டுகள் தள்ளிப் போகும். இலக்கில் பத்தாம் வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ., குண்டின் விட்டம் 5.6 மி.மீ. என்னும்போது தள்ளிப்போக எங்கே இடம்? அதனால்தான் சுத்தம் செய்தபின் கணக்கில் சேராத சில குண்டுகளைச் சுட்டுவிட்டு அப்புறம் மதிப்பெண்ணுக்குச் சுடுகிறார்கள்.

> அப்படியானால் சுத்தமே செய்ய வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். தோட்டா அறை முடிந்து மரை தொடங்கும் இடம் இருக்கிறதே (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகு வரிகள், அதாவது ரைஃப்லிங்; அதற்குப் போன வாரம் ஒப்புக்கொண்ட ‘மரை’யையே எழுதுகிறேன்), அங்கே கரி, ஈயம், பல தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவையில் உள்ள கண்ணாடித்தூள் எல்லாம் சேர்ந்து வளையமாக இறுகிவிடும். குண்டு மரையில் ஏறும்போதே அந்த வளையத்தில் சிராய்ந்து போகிறது. ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தவை சிதற ஆரம்பிக்கும். ஆக, விட்டுவைக்க வேண்டியதும் சுரண்டி எடுக்க வேண்டியதும் ஒரே குழலுக்குள் இருக்கின்றன. நல்லது கெட்டது சொல்லாமல், படிந்தது என்பதை மட்டும் சொல்லும் சொல் வேண்டும். என் ஓட்டு ‘படிவு’க்கு.

> ‘மாசு’ ஏற்கெனவே அறிவியல் வழக்கில் உள்ளதே?

அதுதான் சிக்கல். ‘ஈய மாசு’ என்று எழுதிப் பாருங்கள், குடிநீர்ச் செய்தி மாதிரி இருக்கிறது. ‘கசடு’ம் அப்படித்தான், அறவே ஒழிய வேண்டியது என்றே காதில் விழுகிறது. ஈயப் படிவு, செம்புப் படிவு, கரிப்படிவு என்று பிரித்துச் சொல்லவும் நம் சொல் இடம்கொடுக்கிறது. பிரித்தாக வேண்டும், ஏனென்றால் நீக்கும் முறை வேறு வேறு. செம்புறை போட்ட குண்டுகளைச் சுடும் ரைஃபிள்களில் அம்மோனியா கலந்த கரைப்பானை விடுவார்கள்; செம்பு கரைந்து துணி நீலமாக வெளியே வரும். நீலம் நின்றால் செம்பு போய்விட்டது என்று கணக்கு. வெண்கலப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும்: பிரஷ்ஷில் உள்ள செம்பும் கரைந்து, சுத்தமான குழலிலும் நீலம் வந்துகொண்டே இருக்கும். அந்த வேலைக்கு நைலான் பிரஷ்தான்.

‘படிவு’ ஒருமையில் சரி. அவசரத்தில் யாராவது ‘படிவங்கள்’ என்று எழுதிவிட்டால் அலுவலக விண்ணப்பம் ஆகிவிடும், தட்டச்சு செய்கிறவர்கள் கவனிக்கவும்.

> ‘ஃபவுலிங் ஷாட்’டுக்கு ‘படிவேற்று வேட்டு’?

சுத்தம் செய்தபின் கணக்கில் சேராமல் சுடுவதாகச் சொன்னேனே, அந்தக் குண்டுதான் ‘ஃபவுலிங் ஷாட்’. இலக்கணம் சரி ஐயா, வாயில்தான் நுழையவில்லை. புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குகிறோம் அல்லவா? அந்த வினையையே எடுத்துக்கொள்ளலாம்: குழலைப் பழக்குதல், ‘பழக்குக் குண்டு’. பயிற்சிக் குண்டோடு குழம்பும் என்று யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது நியாயம்தான். ஆனால் ‘பயிற்சி’ என்ற சொல் அந்த இடத்தில் ஏற்கெனவே நன்றாக ஊன்றி நிற்கிறது, அதனால் எனக்குப் பெரிய பயம் இல்லை. குண்டுக்கு அவர் சொன்ன ‘சன்னம்’ எனக்கும் பிடிக்கும்; ‘பழக்குச் சன்னம்’ என்று மாற்றுவடிவமாகப் போடலாம்.

ஒரே ஒரு திருத்தம். வரைவில் ‘துணி சுற்றிய கம்பியைக் குழல்வாய் வழியே விட்டு’ என்று இருக்கிறது. போட்டி ரைஃபிளில் அப்படிச் செய்தால் அடி விழும்! குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் வாய்விளிம்பு. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் பின்னால் வரும் வாயு சமச்சீராக வெளியேறாது, குண்டு விலகும். தாழ்க்கட்டையை (குழலின் பின்வாயை அடைக்கும் ‘போல்ட்’) கழற்றி, அந்த இடத்தில் வழிகாட்டிக் குழாயைச் செருகி, பின்னாலிருந்து முன்னாகத் தள்ள வேண்டும். வாய்க்கு வெளியே வந்த துணியை எடுத்துவிட்டுத்தான் கம்பியைத் திரும்ப இழுக்க வேண்டும். ‘குழலின் பின்பக்கத்திலிருந்து’ என்று மாற்றிவிடுங்கள். இந்த வாய்விளிம்பைக் குறிக்கும் ‘கிரௌன்’ என்பதற்கு யாரோ ‘கிரீடம்’ என்று போட்டிருக்கிறார்கள், அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.