சானல் பாலத்தடியில் தயிர் ஆடை மாதிரி ஒன்று: நுண்ணுயிரியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இங்கே சானல் (பாசனக் கால்வாய்) மேலிருக்கும் பழைய கான்கிரீட் பாலத்தின் அடியில் வெள்ளை விழுதுகள் தொங்குகின்றன. "சார், ஆந்திரா போரா சுண்ணாம்புக் குகையில் தொங்குகிறது இதுதானே?" என்று பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். பக்கத்திலிருக்கும் சிதறால் மலைக்குகைக்குக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்றால், அது சுண்ணாம்புப் பாறை இல்லை.

கான்கிரீட்டிலிருந்து கசியும் கால்சியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்தாலே கால்சைட் (சுண்ணாம்புப் படிகம்) ஆகிவிடும், நுண்ணுயிர் வேண்டாம். சரி. ஆனால் ஒரு மூலையில் மட்டும் தொட்டால் பிசுபிசுக்கும் தயிர் ஆடை போல் படிந்திருக்கிறது. சுண்ணாம்புக் குகைகளில் மூன்மில்க் என்றொரு மெத்தென்ற படிவம் உண்டு; இதுவும் அந்த மாதிரி நுண்ணுயிர் வேலையோ என்று சந்தேகம். சில பாக்டீரியாக்கள் யூரியாவைச் சிதைத்து அமோனியா உண்டாக்கும், காரத்தன்மை ஏறும், கரைந்திருந்த கால்சியம் கால்சைட்டாகப் படியும். அந்தப் பாக்டீரியாவின் செல் சுவர்மீதே படிகம் முளைப்பதும் உண்டு.

வினிகர் விட்டுப் பார்த்தேன், விழுது, ஆடை இரண்டுமே நுரைக்கிறது! அப்புறம் எப்படிப் பிரித்தறிவது? மாதிரியை எதில் எடுத்து வைக்க வேண்டும்? நாகர்கோவில் பக்கம் எந்தக் கல்லூரியிலாவது நல்ல மைக்ரோஸ்கோப்பில் பார்க்க விடுவார்களா? பிள்ளைகள் நாலு பேரையும் கூட்டி வருவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.