காலநிலைக்காக ஒரு நாள் வகுப்புகளை நிறுத்தலாமா?

மழைமானி:
எங்கள் பல்கலைக்கழகம் காவிரி டெல்டாவில் இருக்கிறது, பெயர் வேண்டாம். முதுகலை மாணவர்கள் சிலர் சேர்ந்து ஓர் அனுமதி கேட்டிருக்கிறோம். ஒரு நாள் எல்லா வகுப்புகளையும் நிறுத்திவிட்டு, எல்லாத் துறைகளும் காலநிலை மாற்றத்தைப் பற்றி மட்டுமே பாடம் நடத்த வேண்டும். வேளாண்மைத் துறை மட்டுமல்ல, பொருளியலும் தமிழும் சட்டமும்கூட. அமெரிக்காவில் இதை ‘டீச்-இன்’ என்கிறார்கள். நல்ல தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை. பட்டிமன்றம் என்றால் நடுவரும் தீர்ப்பும் வந்துவிடும். இதில் இரண்டும் கிடையாது.

“சுற்றுச்சூழல் கல்விதான் கட்டாயப் பாடமாக இருக்கிறதே” என்கிறது அலுவலகம். இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு படித்து, மறுநாள் மதியம் மறக்கும் பாடம். உங்கள் கருத்து என்ன?

பியூரெட்:
முப்பத்தாறு ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வேண்டாம், அம்மா.

வகுப்பை நிறுத்தினால் பாதிப் பேர் ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். மீதியில் பாதிப் பேர் கேன்டீனில் இருப்பார்கள். முன்வரிசையை நிரப்ப நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைப் பிடித்து உட்கார வைப்பீர்கள். பிறகு குத்துவிளக்கு, பொன்னாடை, மரக்கன்று, புகைப்படம். பணிக்காலத்தில் நான் நட்ட கன்றுகளெல்லாம் பிழைத்திருந்தால் எங்கள் கல்லூரிக்குள் இன்று புலி நடமாடும். பூமியைக் காப்போம் என்று எழுதிய பேனரே பிளாஸ்டிக்கில்தான் இருக்கும்.

பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை, அதாவது அகச்சிவப்புக் கதிரை, கரியமில வாயு உறிஞ்சுகிறது. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் நைட்ரஜன் உறிஞ்சுவதில்லை. ஏன்? மூலக்கூறு அதிரும்போது அதன் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது நேர், எதிர் மின்னூட்டங்கள் விலகி நிற்கும் அளவு, மாற வேண்டும், நைட்ரஜனில் மாறாது. இதைச் சொல்ல எனக்கு ஒரு கரும்பலகையும் இரண்டு வகுப்புகளும் போதும். அன்றாட வகுப்பில் இதை ஒழுங்காகச் சொல்லுங்கள். திருவிழா எதற்கு?

குளிர்நாட்டான்:
பியூரெட் ஐயாவுக்கு ஒரு வேடிக்கையான செய்தி. வகுப்பை நிறுத்தக் கூடாது என்று எழுந்த எதிர்ப்பில்தான் டீச்-இன் பிறந்தது.

நான் படிப்பது அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில். இங்கே மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் 1965-இல் வியட்நாம் போரைக் கண்டித்து ஒரு நாள் வகுப்பெடுக்கப் போவதில்லை என்று அறிவித்தார்கள். ஆளுநரும் சட்டமன்ற உறுப்பினர்களும் பாய்ந்தார்கள். அப்போது அவர்கள் கண்ட வழி இது: வகுப்புகள் வழக்கம்போல நடக்கட்டும், அவை முடிந்த பிறகு இரவு முழுவதும் பாடம் நடத்துவோம். மார்ச் 24 இரவு தொடங்கி 25 காலை வரை நடந்தது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் வந்தார்கள். நடுவில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. கூட்டம் குளிரில் வெளியே போய் நின்றது. மாணவியர் விடுதியின் இரவுக் கட்டுப்பாட்டை அந்த ஓர் இரவுக்குத் தளர்த்தினார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1970 மார்ச்சில், அதே வளாகத்தில் சுற்றுச்சூழலுக்கான டீச்-இன். மாணவர்கள் ஒரு பழைய ஃபோர்டு காரின் மேல் கொலைக் குற்றம் சாட்டி விசாரித்து, சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். அடுத்த மாதம் 22-ஆம் தேதி, செனட்டர் கேலார்டு நெல்சன் நாடு முழுவதற்குமான டீச்-இன்னாக நினைத்துத் தொடங்கியதுதான் புவி நாள். சுமார் இரண்டு கோடிப் பேர் கலந்துகொண்டதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் தூய காற்றுச் சட்டமும் வந்துவிட்டன. குத்துவிளக்கு ஏற்றியதாகத் தெரியவில்லை.

பியூரெட்:
காரை நொறுக்கிய நாட்டில் கார் குறைந்ததா, தம்பி? 1970-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளந்த கரியமில வாயு பத்து லட்சத்தில் 326 பங்கு. 2024-இல் சுமார் 425. விடிய விடியப் பேசியதன் பலன் இதுதான் என்றால், நான் சீக்கிரமே படுத்துத் தூங்குகிறேன்.

குளிர்நாட்டான்:
பெட்ரோலிலிருந்து ஈயம் போனது, நகரங்களின் புகைமூட்டம் குறைந்தது. அவர்கள் கண்ணால் பார்த்த புகையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள், ஐயா. கரியமில வாயுவும் அந்தச் சட்டத்தின்படி மாசுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2007 வரை ஆயிற்று.

கடைமடைக்காரன்:
இருவரும் அமெரிக்காவை விட்டு இறங்குவதாக இல்லை. நான் நாகை மாவட்டம். எங்கள் ஊருக்கு அப்பால் கடல்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்குக்கு எங்களை அழைத்துப் போனார்கள். மேடையில் ஒருவர், நெல்வயலில் தண்ணீர் நிற்பதால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருகிறது, இனிமேல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சி, விவசாயம் செய்யுங்கள் என்றார். காய்ச்சலும் பாய்ச்சலும் எங்கள் சொல். அதை எங்களுக்கே படம் போட்டுக் காட்டினார். வயலைக் காயவிட்டால் மீத்தேன் குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேட்டூரில் ஜூன் 12-இல் திறப்பது மரபு. எத்தனை ஆண்டுகள் அந்தத் தேதி தவறியிருக்கிறது! திறந்தாலும் முறை வைத்து விடுகிறார்கள். தலைமடையைத் தாண்டிக் கடைமடைக்கு வந்து சேரும்போது முறை முடிந்துவிடும். கையில் கிடைத்த தண்ணீரைக் கட்டி வைக்காமல் காயவிட்டு, அடுத்த தண்ணீருக்கு நான் யாரை நம்புவது? காய்ந்த வயலில் களை மண்டும். அதை எடுக்கக் கூலி யார் தருவது?

இன்னொன்றும் உண்டு. ஓர் இந்தியர் சராசரியாக ஆண்டுக்கு இரண்டு டன் அளவுக்குக் கரியமில வாயு விடுகிறார். அமெரிக்கர் அதைப் போல ஆறேழு மடங்கு விடுகிறார். குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்க வேண்டியது என் வயல்தானா?

இதையெல்லாம் கேட்கலாம் என்று கையைத் தூக்கினேன். மைக் என் கைக்கு வந்தபோது, “நேரமாகிவிட்டது, சாப்பாடு தயார்” என்றார்கள்.

மழைமானி:
அண்ணா, நீங்கள் சொன்ன முறைப்பாசனக் கதை எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்று நீரில் மூழ்கியும் பிழைத்ததால்தான் சப்-1 என்ற மரபணுவை ஆய்வாளர்கள் 2006-இல் அடையாளம் கண்டார்கள். அந்த நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்தவர்கள் உழவர்கள். எங்கள் மேடையில் நீங்கள் பேச வேண்டும்.

கடைமடைக்காரன்:
அந்த மரபணு சேர்த்த சி.ஆர். 1009 சப்-1 நெல்தானே? போட்டிருக்கிறேன். இரண்டு வாரம் மூழ்கினால் தாங்கும். மூழ்கிய தண்ணீர் வடிய வடிகாலைத் தூர்வார வேண்டும். அதற்கு மரபணு இல்லை.

பியூரெட்:
உழவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூடவே ஒன்று: வயலைக் காயவிட்டு நனைத்தால் மீத்தேன் குறையும், நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம். வெப்பத்தைப் பிடிப்பதில் அது கரியமில வாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையானது. மொத்தக் கணக்கில் பெரும்பாலும் லாபம்தான். ஆனால் உரம் எப்போது போடுகிறோம் என்பதைப் பொறுத்து லாபம் குறையும். மேடையில் பேசியவர் இதைச் சொன்னாரா?

இளைஞர்களிடம் எனக்குள்ள பயம் வேறு. எந்த மழை பெய்தாலும் காலநிலை மாற்றம் என்பீர்கள். 2015 டிசம்பர் 1 சென்னைப் பெருமழையைப் பன்னாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்து, புவி வெப்பமாதலின் தடயம் அந்த மழையில் தெரியவில்லை என்று எழுதினார்கள். உங்கள் சுவரொட்டியில் சென்னை வெள்ளத்தின் படம் இருக்கும். பந்தயம் கட்டுகிறேன்.

மழைமானி:
பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். இருக்கிறது.

எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அதையே முதல் பாடமாக வைக்கத் தோன்றுகிறது. அதே ஆய்வாளர்கள் ஒரு காரணமும் சொன்னார்கள். வங்கக் கடலின் மேற்குப் பகுதி மற்றக் கடல்கள் அளவுக்குச் சூடாகவில்லை. காற்றில் மிதக்கும் புகைத்துகள் வெயிலை மறைத்திருக்கலாம். புகையைச் சுத்தம் செய்யச் செய்ய அந்தத் திரை விலகும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. எந்த மழைக்கு எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எப்போது “தெரியவில்லை” என்கிறார்கள்? இதைப் பொருளியல் மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டாமா? உங்கள் இரண்டு வகுப்புகளில் அவர் உட்கார மாட்டாரே, ஐயா.

பியூரெட்:
நல்ல பதில். என்றாலும் காலநிலை விஞ்ஞானி வீ. ராமநாதனைப் பாருங்கள். சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோ ஃபுளோரோ கார்பன் வாயுக்களும் வெப்பத்தைப் பிடிக்கின்றன, மூலக்கூறுக்கு மூலக்கூறு கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு, என்று 1975-இல் காட்டினார். நீங்கள் சொல்லும் புகைத்திரையை இந்தியப் பெருங்கடலில் அளந்த குழுவிலும் முன்னின்றார். எந்த டீச்-இன்னில் இதையெல்லாம் கற்றார்?

குளிர்நாட்டான்:
வகுப்பில் மட்டும் கற்கவில்லையே. படித்து முடித்ததும் செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அந்த வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த பணி.

மழைமானி:
அலுவலகத்துக்குப் புதிய கடிதம் எழுதிவிட்டேன். வகுப்புகள் நிற்காது. மாலை 6 மணிக்குத் தொடங்கி விடியும் வரை. ஒரே சிக்கல், மாணவியர் விடுதியின் கதவை 8 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். 1965-இல் ஆன் ஆர்பரில் அந்த ஓர் இரவுக்குத் தளர்த்தியதை இங்கே யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. காப்பாளரிடம் பேச நான்கு பேர் போகிறோம்.

பியூரெட்:
வகுப்பை நிறுத்தவில்லை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பயன் இருக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. நைட்ரஸ் ஆக்சைடுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பத்து மணிக்கு முன்னால். பொன்னாடை போர்த்தினால் எழுந்து போய்விடுவேன். காப்பாளருக்குக் கடிதம் வேண்டுமென்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கடைமடைக்காரன்:
விடிய விடிய உட்காருவது எங்களுக்குப் பழக்கம்தான். திருவிழா நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் தை மாசியில் வைக்காதீர்கள், சம்பா அறுவடை. பங்குனியில் என்றால் பத்துப் பேரோடு வருகிறேன். சாப்பாட்டை ஏழு மணிக்கே போட்டு முடித்துவிடுங்கள். பிறகு அதைச் சொல்லி யாரும் மைக்கை வாங்க முடியாது.