புதுப்பிப்பு: தினம் 20 ஆங்கில வார்த்தை மனப்பாடம், 3 மாதம் கழித்து

அகராதியைப் பார்த்து தினம் 20 வார்த்தை படிக்கிறேன், மறுவாரம் ஒன்றும் நிற்கவில்லை என்று ஜனவரியில் இங்கே புலம்பியிருந்தேன். வேர்ச்சொல்லைப் பிடியுங்கள் என்று பலர் சொன்னீர்கள். பிடித்தேன்.

தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் ரயிலில்தான் படிப்பு. லத்தீனில் 'போர்ட்டாரே' என்றால் சுமப்பது. வெளியே சுமந்தால் எக்ஸ்போர்ட், உள்ளே சுமந்தால் இம்போர்ட், செய்தியைத் திரும்பச் சுமந்து வந்தால் ரிப்போர்ட், கீழிருந்து தாங்கினால் சப்போர்ட். எழும்பூரில் பெட்டி தூக்கும் போர்ட்டரும் இதே குடும்பம்! அன்று வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

ஆனால் வேர் மட்டும் போதாது. 'ஹெசிடன்ட்', 'ரிலக்டன்ட்' இரண்டுக்கும் தயக்கம் என்றே எழுதி வைத்திருந்தேன். முன்னது முடிவெடுக்க முடியாத தயக்கம், பின்னது மனசில்லாத தயக்கம். ஆபீஸ் மெயிலில் மாற்றிப் போட்டு, மேலாளர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். அதிலிருந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் என் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதுகிறேன்; மறுநாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள் நோட்டை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

இப்போது தினம் ஐந்துதான். ஐந்தும் நிற்கிறது. அன்று பதில் எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.